உடைந்த பாட்டிலும் ஒரு பிடி ரெசினும்

பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறையில் போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் குண்டான் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். அதனால்தான் 12 வருடமாக என் பிழைப்பு ஓடுகிறது. வீடுகளுக்கு சாஃப்ட்னர் மாட்டுகிறேன். உள்ளே இருப்பது ரெசின். தேன் நிறத்தில், கசகசா மாதிரி பிளாஸ்டிக் மணிகள். தண்ணீரில் இருக்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். நிறைந்துவிட்டால் உப்புத் தண்ணீரால் கழுவுவோம், மறுபடி வேலை செய்யும்.

போன தை மாதம் பிரித்த ரெசின் மூட்டை ஒன்று வறட்டுக் காற்றில் காய்ந்துபோனது. கண்ணாடி பாட்டில் நிறைய அதைப் போட்டு, தண்ணீர் ஊற்றி மூடி வைத்தேன். மணிகள் ஊதி, பாட்டிலையே உடைத்துவிட்டன.

அக்கா வீட்டுக்காரர் கல்பாக்கத்தில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். கேட்டதும், "அணு உலைக் கழிவிலும் இதேதான் மாப்ளே தலைவலி" என்றார். அங்கும் தண்ணீரைச் சுத்தப்படுத்த ரெசின்தான். அது சீசியம்-137, கோபால்ட்-60 மாதிரி கதிரியக்கப் பொருட்களை எல்லாம் பிடித்து வைத்துக்கொள்கிறது. நாங்கள் செய்வதுபோலக் கழுவினால், கழுவிய தண்ணீரும் கதிரியக்கக் கழிவாகிவிடும். அதனால் பெரும்பாலும் கழுவாமல், அப்படியே கழிவாகச் சேர்த்து வைக்கிறார்கள்.

அப்புறம் அதைச் சிமெண்டில் கலந்து கட்டியாக்குவது ஒரு வழி. ஆனால் கட்டிக்குள் ஈரம் போனால் மணி ஊதும், கட்டி விரிசல் விடும். என் பாட்டில் கதைதான். அதனால் ரெசினைக் குறைவாகத்தான் கலக்க முடிகிறது. கட்டிகளின் எண்ணிக்கை கூடுகிறது. சீசியம் கசியாமல் இருக்க வெர்மிகுலைட் என்ற கனிமத்தைச் சேர்ப்பதும் உண்டு. சீசியம் பாதியாகக் குறையவே 30 வருடம். 300 வருடம் போனால்தான் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு வரும். அத்தனை காலம் அந்தக் கட்டி தண்ணீரைத் தாங்க வேண்டும்.

ஊதுகிற பொருளை ஊதாமல் அடக்கி வைப்பதைவிட, அதை முதலில் அழித்துவிடுவதே சரி என்று எனக்குப் படுகிறது. அதற்கும் வழி இருக்கிறது: ஹைட்ரஜன் பெராக்சைடும் இரும்பு உப்பும் சேர்த்துச் சூடாக்கினால் மணிகள் கரைந்து, பிளாஸ்டிக் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீருமாகப் போய்விடும். சீசியமும் கோபால்ட்டும் கரைசலில் தங்கும். அதைச் சிமெண்டில் கட்டினால் ஊதுவதற்கு மணியே இருக்காது.

"கனநீர் ஊற்றி ஓட்டுற உலையோட ரெசினில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் இருக்கும், அது வாயுவோடு போயிடுமே?" என்றார் மாமா. அது பாதியாகக் குறையவே 5,730 வருடம். அந்த வாயுவைச் சுண்ணாம்புத் தண்ணீரில் விட்டுப் பிடிக்கலாமாம். பிடித்தால் கால்சியம் கார்பனேட்டாகப் படியும். எங்கள் குண்டான் அடியில் படிகிற அதே வெள்ளை.