தேக்கா நடையும் பி.ஜி.பி.யும்

19 ஜனவரி 2025, ஞாயிறு
இளையர் குழுவைச் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவில் நடத்திக் கூட்டிப்போகும் வேலை இந்தத் தடவை என் தலையில். கோயில், பூக்கடை, மசாலாக் கடை என்று காட்டிவிட்டு வந்தால் சுற்றுலாவாகத்தான் முடியும். ஒரே ஆளைப் பிடித்துக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டேன். பி. கோவிந்தசாமி பிள்ளை, சுருக்கமாக பி.ஜி.பி. 1905இல் மாயவரம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தபோது பதினெட்டு வயதுப் பையன்.

21 ஜனவரி
நூலகத்தில் மாலை முழுக்கப் போயிற்று. மளிகைக் கடையில் நான்கு வருஷம் சம்பளமில்லாமல் வேலை பார்த்திருக்கிறார். சாப்பாடும் தங்க இடமும்தான். இதைச் சொல்கிறவர்கள் எல்லாரும் ஏதோ தவம் மாதிரி சொல்கிறார்கள். எனக்கென்னவோ சுரண்டலாகத்தான் படுகிறது. ஆனால் அப்புறம் கடன் வாங்கி அதே கடையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார் பாருங்கள், அங்கேதான் விஷயம். வங்கிப் படியேற முடியாதவர்களுக்கு அந்தக் காலத்தில் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் செட்டியார்கள் வட்டிக்குக் கடன் கொடுத்த கிட்டங்கிகள்தான் கதி. அடகு வைக்க நகையோ நிலமோ இல்லாதவனுக்கு நாலு பேரிடம் உள்ள நல்ல பெயர்தான் ஈடு. அந்தப் பெயர்தான் அவருடைய நாலு வருஷச் சம்பளம் போல. மளிகைக்குப் பிறகு ஜவுளி. சிராங்கூன் சாலையில் பி.ஜி.பி. கடை என்றால் தெரியாதவர் இல்லை என்றாயிற்று.

26 ஜனவரி
சீனிவாசப் பெருமாள் கோயிலுக்குப் போனேன். பி.ஜி.பி. மண்டபத்தில் கல்யாணம். வாசலில் செருப்பு மலை. ஓர் அம்மா சீர்வரிசைத் தட்டை ஒரு கையிலும் பேத்தியை மறு கையிலும் பிடித்துக்கொண்டு தன் செருப்பைக் காலாலேயே துழாவிக்கொண்டிருந்தார். 1965இல், சிங்கப்பூரின் முதல் அதிபராகப் பெயர் பெற்ற யூசோஃப் இஷாக் திறந்துவைத்த மண்டபம். கொடை என்றால் முதலில் கோபுரம்தான் கண்ணில் படும், அதற்கும் அவர் கொடுத்திருக்கிறார். ஆனால் மண்டபம் கட்டிக் கொடுத்தது தனி யோசனை. ஊரில் என்றால் வாசலில் பந்தல் போட்டுவிடலாம். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் பந்தக்கால் எங்கே நடுவது?

30 ஜனவரி
சீனப் புத்தாண்டு விடுமுறை. குறிப்பை எழுதி முடித்தேன். இந்திய வர்த்தகச் சபையைத் தொடங்கியவர்களில் ஒருவர், 1939இல் ஜே.பி. (சமாதான நீதிபதி) பட்டம், ராமகிருஷ்ணா மிஷனுக்கும் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கும் நன்கொடை. பட்டியலாகச் சொன்னால் பையன்கள் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். ஒரே வரியில் முடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

9 பிப்ரவரி, ஞாயிறு
நடை நல்லபடியாக முடிந்தது. நல்ல வெயில். டன்லப் ஸ்ட்ரீட் முனையில் ஒரு பாலிடெக்னிக் பையன், “அப்படின்னா அண்ணே, அந்த நாலு வருஷச் சம்பளப் பாக்கி யார் தர்றது?” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. இன்றைக்கும் கடைகளில் கேட்க வேண்டிய கேள்விதான், நாளைக்கு நீ கடை வைத்தால் ஞாபகம் வைத்துக்கொள் என்றேன். சரி சரி என்று தலையாட்டினான்.

செவ்வாய்க்கிழமை தைப்பூசம். இங்கே பொது விடுமுறை கிடையாது, லீவு போட்டிருக்கிறேன். காவடிகள் இதே பெருமாள் கோயிலிலிருந்துதான் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலுக்குப் புறப்படும். தண்ணீர்ப் பந்தலுக்கு ஆள் வேண்டும் என்றதும் அந்தப் பையனும் இன்னும் இரண்டு பேரும் பெயர் கொடுத்திருக்கிறார்கள். காலை நாலு மணிக்கு வருவார்களா, பார்க்கலாம்.