என்னையும்தான் விட்டிருக்க மாட்டார்கள்

"என்னையும்தான் இங்கே குடியிருக்க விட்டிருக்க மாட்டார்கள்" என்று சொன்னேன். ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன். வீடு வாங்கக் கையெழுத்துப் போட வந்திருந்த அந்த அம்மா பேனாவின் மூடியைத் திருகி மூடிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஓ, நீங்களுமா?"

அப்புறம், "உங்கள் வீடு எந்தப் பக்கம்?" என்றார். ஈடைனா என்றேன், மினியாபொலிஸ் நகரை ஒட்டிய புறநகர். சரி என்பது போலத் தலையை ஆட்டினார். மூடியைக் கழற்றி அடுத்த தாளில் கையெழுத்துப் போட்டார்.

நடந்தது இவ்வளவுதான். மூன்று வருடம் ஆகிறது. குரலில் கோபம் இல்லை, கேலியும் இல்லை. சும்மா பேச்சுக்குக் கேட்டிருப்பார் என்று என் மனைவி சொல்கிறாள். இருக்கலாம்.

என் வேலை நம்மூர் கணக்கில் வில்லங்கம் பார்ப்பது. அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்து மினியாபொலிஸில் யாராவது வீடு வாங்கினால் அந்த மனையின் பத்திரங்களை மூலப்பத்திரம் வரை பின்னோக்கிப் படித்து அறிக்கை எழுத வேண்டும். வங்கிக் கடன், வரிபாக்கி, மின்கம்பத்துக்கு விட்ட இடம் எல்லாம் அதில் வரும். அவர் வாங்கிய தெற்கு மினியாபொலிஸ் வீட்டின் பழைய பத்திரம் ஒன்றில், சாக்கடைக் குழாய்க்கும் வேலிக்கும் நடுவில் அந்த வாசகம் இருந்தது. இந்த மனையைச் சீன, ஜப்பானிய, மூரிஷ், துருக்கிய, நீக்ரோ, மங்கோலிய, ஆப்பிரிக்க ரத்தமோ வம்சமோ உள்ள எவருக்கும் விற்கவோ அடமானம் வைக்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. இந்த ஊரில் 1910-இல் ஒரு பத்திரத்தில் தொடங்கிய வாசகம் அது. பிறகு வந்தவர்களில் பலர் அச்சு மாறாமல் எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் ஏழு பேரின் வரிசைகூட மாறாது.

அறிக்கையில் இதை அப்படியே எழுதக் கூடாது. "இனம், நிறம், மதம் சார்ந்த நிபந்தனை ஏதும் இருந்தால் அது விடப்பட்டுள்ளது" என்று ஒரு வரி தயாராக இருக்கும். அதை ஒட்டிவிட்டு அடுத்த கோப்புக்குப் போய்விடுவேன். எத்தனை முறை ஒட்டியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

அன்று க்ளோசிங், அதாவது கிரயக் கையெழுத்து, நடத்துகிற பெண் விடுப்பு. என்னை உட்கார வைத்தார்கள். வங்கிக் கடனுக்கு மட்டுமே ஒரு கட்டுத் தாள் கையெழுத்து. யாரும் படிக்க மாட்டார்கள், காட்டிய இடத்தில் போட்டுக்கொண்டே போவார்கள். ஓய்வுபெற்ற நர்ஸ் அவர், கறுப்பினத்தவர். பழக்கமோ என்னவோ, ஒவ்வொரு தாளையும் விரல் வைத்துப் படித்தார். அந்த வரியில் விரல் நின்றது.

"என்ன விட்டிருக்கிறீர்கள்?"

யாராவது கேட்டால் வக்கீலிடம் கேளுங்கள் என்று சொல்லச் சொல்லியிருந்தார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. அது என் நேர்மை என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பழைய காலத்து வாசகம், செல்லாது, 1948-லேயே உச்ச நீதிமன்றம் இதை எந்தக் கோர்ட்டும் அமல்படுத்தக் கூடாது என்றுவிட்டது, 1953-இல் மினசோட்டா புதிதாக எழுதுவதைத் தடுத்தது, 1968-இல் நாடு முழுக்கச் சட்டவிரோதம் ஆனது என்று ஒப்பித்தேன். தேதிகள் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "என் அப்பா ராண்டோவில் வீடு வைத்திருந்தார்" என்றார்.

ராண்டோ பக்கத்து ஊரான செயின்ட் பாலில் இருந்த கறுப்பினக் குடியிருப்பு. மற்ற தெருக்களில் இந்த வாசகம் இருந்ததால் அவர்கள் வாங்க முடிந்த சில இடங்களில் ஒன்று. 1950-களின் கடைசியிலும் 60-களிலும் ஐ-94 நெடுஞ்சாலையை அதன் நடுவே போட்டார்கள். 600-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீடிழந்தன. நான் வேலைக்குப் போகிற ரோடு அது. செல்லாத வாசகம் என்று நான் ஒப்பித்துக்கொண்டிருந்தது, வாங்க வழியில்லாமல் போன இடத்தையும் வாங்கிப் பறிபோன இடத்தையும் சேர்த்தே வைத்திருந்த ஒருவரிடம். இன்றும் இந்த மாநிலத்தில் வெள்ளையர் குடும்பங்களில் நான்கில் மூன்று சொந்த வீட்டில் இருக்கின்றன. கறுப்பினக் குடும்பங்களில் மூன்றில் ஒன்றுகூடத் தேறாது.

இதெல்லாம் பிறகு யோசித்தது. அன்றைக்கு அந்த மௌனத்தை எப்படியாவது மூட வேண்டும் என்று இருந்தது. அதனால்தான் என்னையும் சேர்த்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே பத்திரத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். ஏழு பேர். இந்தியன் இல்லை. அதாவது, எழுத்துப்படி பார்த்தால் அந்த வீட்டை நான் வாங்கியிருக்கலாம்!

நடைமுறையில் விற்றிருக்க மாட்டார்கள், அது எனக்கும் தெரியும். ஈடைனாவில் நான் காரில் கடந்துபோகும் கன்ட்ரி கிளப் பகுதியின் 1920-களின் பத்திரங்கள் பட்டியலே போடவில்லை. வெள்ளை அல்லது காகேசிய இனத்தவர் மட்டும், வீட்டு வேலைக்காரர்கள் நீங்கலாக என்று முடித்துவிட்டன. 1930-களில் ஃபெடரல் வீட்டுவசதி நிர்வாகத்தின் கையேடே இதுமாதிரி நிபந்தனைகளைப் பரிந்துரைத்தது. அந்தப் பத்திரப்படி நான் வெளியேதான். எனவே நான் சொன்னது பொய் இல்லை. வேறு பத்திரத்துக்கு உண்மை.

ஆனால் இங்கேயும் ஒரு முள் இருக்கிறது. பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபி, முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர், குடியுரிமைக்காக உச்ச நீதிமன்றம் வரை போனார். அப்போது வந்தேறிகளில் வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சத்தாருக்கும்தான் குடியுரிமை. நிறத்தை வைத்து ஆட்களைப் பிரிப்பது தப்பு என்று அவர் தரப்பு வாதாடவில்லை. அவர் உயர்சாதி இந்து, ஆரியர், ஆகவே வெள்ளையர் என்று வாதாடியது. 1923-இல் தோற்றார். அந்த வாதத்தை முதலில் படித்தபோது சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. எங்கள் தாத்தாவின் கிரயப் பத்திரத்தில் வாங்கியவர், விற்றவர் பெயரோடு சாதியும் எழுதியிருக்கும். சின்ன வயதில் அதை எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டிப் பாராட்டு வாங்கியிருக்கிறேன். உறுத்தவில்லை. அது எங்கள் சாதி, உறுத்த என்ன இருக்கிறது. 1920-இல் நான் இங்கே இருந்திருந்தால் பட்டியலில் இருக்கும் ஏழு பேரோடு நின்றிருப்பேனா, எட்டாவதாக நான் இல்லை என்று வக்கீல் வைத்திருப்பேனா?

நான் இந்த நாட்டுக்கு வந்ததே 1965 குடியேற்றச் சட்டம் திறந்த கதவு வழியாகத்தான். அந்த அம்மாவின் ஆட்கள் சம உரிமை கேட்டுத் தெருவில் இறங்கி அடிபட்ட அதே வருடங்களில் வந்த சட்டம். இதைச் சொல்லியிருக்கலாமோ என்று சில சமயம் தோன்றும். சொல்லியிருந்தால் அதுவும் என்னைப் பற்றிய பேச்சாகவே ஆகியிருக்கும்.

சொல்லியிருக்க வேண்டியது வேறொன்று. 2019-இலிருந்து மினசோட்டாவில் வீட்டுக்காரரே ஒரு படிவம் கொடுத்து, இந்த நிபந்தனை தன் மனையைக் கட்டுப்படுத்தாது என்று கவுன்டியில், நம்மூர் மாவட்டம் மாதிரி, பதிவு செய்யலாம். பழைய வாசகம் அழியாது, பத்திர வரிசையில் இதுவும் ஏறும். எனக்கு இது தெரியும். அன்று வாயில் வரவில்லை. அவர் கடனுக்குப் பேசி வைத்த வட்டி விகிதத்துக்கு வெள்ளிக்கிழமை கெடு, பேச்சு வளர்ந்தால் கையெழுத்து நின்றுவிடும் என்ற பயம் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொள்வேன். அந்தப் படிவம் வீடு கைக்கு வந்தபிறகு போடுவது. கெடுவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு குறிப்போடு தபாலில் அனுப்பினேன். பதில் வரவில்லை. ஏன் வர வேண்டும்?

கவுன்டி பதிவை அவ்வப்போது திறந்து பார்ப்பேன். அந்த மனையில் புதிதாக எதுவும் ஏறவில்லை. அவருக்கு அது தேவைப்படாமல் இருக்கலாம். என் உறை குப்பைக்குப் போயிருக்கலாம்.

ஒருநாள் ராத்திரி என் வீட்டு வில்லங்கத்தையும் எடுத்துப் பார்த்தேன். 1980-களில் கட்டிய டவுன்ஹவுஸ். அதற்கு முன் சோளக்காடு. பின்னோக்கி, பின்னோக்கிப் படித்துக்கொண்டே போனேன். வடிகால், வேலி, பாதை. அந்த வாசகம் எங்கேயும் இல்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது.