உதவ வருகிறவர் கையில் என்ன இருக்கும்?

சாலையோரம் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தால், பெரும்பாலும் யாராவது ஒருவர் நிறுத்தி என்ன ஆச்சு என்று கேட்பார். நெடுந்தூரம் போகிறவர்கள் இதை நம்பலாம். அவரிடம் நம் வண்டிக்குப் பொருந்தும் சாமான் இருக்கும் என்று மட்டும் நம்பக்கூடாது. நல்ல மனம் வழியெங்கும் கிடைக்கும், 10 ஸ்பீட் செயினுக்கான இணைப்புக் கண்ணி கிடைக்காது. ஆகவே உதவ வருகிறவர் கையில் என்ன இருக்கும் என்று யோசித்து, அதற்கு ஏற்றபடி வண்டியைத் தயார் செய்துகொண்டு கிளம்ப வேண்டும்.

காற்றிலிருந்து தொடங்கலாம். டியூபில் ஒல்லியான பிரெஸ்டா வால்வு இருந்தால் பெட்ரோல் பங்கின் காற்றுக் குழாய் அதில் உட்காராது. விரல் நுனியளவு பித்தளை அடாப்டர் ஒன்றைத் திருகினால் அது கார் வால்வைப் போல ஆகிவிடும். எளிதில் தொலைகிற சாமான், இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். அடாப்டரை மாட்டுமுன் வால்வின் நுனித் திருகைத் தளர்த்த வேண்டும், இல்லாவிட்டால் காற்று உள்ளே போகாது. கம்ப்ரெசரில் சிறிது சிறிதாக அடியுங்கள். சைக்கிள் டியூபில் இடம் குறைவு, ஒரே அழுத்தில் டயர் ரிம்மை விட்டு எகிறிவிடும். பிரெஸ்டாவுக்கான ரிம் துளை சுமார் 6.5 மி.மீ., கார் வகை வால்வுக்கு 8.5 மி.மீ. வேண்டும். யாரோ அன்போடு நீட்டும் டியூப் மாட்ட முடியாமல் போவதற்கு இதுதான் காரணம். அகலமான ரிம் என்றால் புறப்படுமுன் துளையைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். குறுகிய ரேஸ் ரிம்மில் அதைச் செய்யாதீர்கள்.

டயர் வாங்கித் தர ஒருவர் முன்வந்தால் அங்குலக் கணக்கைச் சொல்லி அனுப்பக்கூடாது. டயரின் பக்கவாட்டில் மி.மீ. கணக்கில் உள்ள மூன்றிலக்க எண்ணைத் தாளில் எழுதிக் கொடுங்கள். 700சி என்று குறிக்கும் அளவு 622. மலை சைக்கிளின் பழைய 26 அங்குலம் 559. பாரம் ஏற்றும் பழைய பாணி சைக்கிளின் 28 அங்குலம் 635. ஆனால் 28 என்று போட்ட டயர் 622 ஆகவும் இருக்கலாம், அந்த 13 மி.மீ. வித்தியாசத்தில் டயர் ரிம்மில் நிற்காது. டியூப் அப்படியல்ல, இழுபடும். 559க்கான டியூபை 622 டயருக்குள் போட்டு அடுத்த ஊர்வரை ஓட்டிவிடலாம்.

பாரம் ஏற்றிய வண்டியில் ஸ்போக் உடைந்தால் அநேகமாகப் பின்சக்கரத்தில், அதுவும் கேசட் எனும் பல்சக்கர அடுக்கு இருக்கும் பக்கம்தான் உடையும். கேசட்டைக் கழற்றாமல் அதை மாற்ற முடியாது. இரண்டு பக்கமும் நீளம் வேறு என்பதால் ஒவ்வொரு நீளத்திலும் மூன்று, கேசட் கழற்றும் பல் சாவி, கேசட் சுழலாமல் பிடிக்க ஒரு பழைய செயின் துண்டு ஆகியவை நம் பையில் இருக்கட்டும். சாவியைத் திருப்பும் பெரிய ஸ்பானரைச் சுமக்க வேண்டாம். டிராக்டர் நிற்கிற வீட்டில் அது இருக்கும். பாதி நம்முடையது, பாதி அவர்களுடையது என்று பிரித்துக்கொண்டால்தான் சுமையும் குறையும், வேலையும் முடியும். கியர் மாற்றும் டெரெய்லரை ஃபிரேமில் தாங்கும் ஹேங்கர் மட்டும் அந்தந்த ஃபிரேமுக்கே உரியது, யாராலும் தர முடியாது. கட்டாயம் ஒன்று வேண்டும்.

கேரியர் இரும்பாக இருப்பது நல்லது. அலுமினியம் உடைந்தால் சாதாரண ஆர்க் வெல்டிங் பட்டறையில் ஒட்டுவது கடினம். இரும்பிலும் குழாயின் சுவர் மெல்லியது. மெல்லிய ராடு, குறைந்த கரண்ட், விட்டுவிட்டுப் புள்ளி புள்ளியாக என்று கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஓட்டை விழும்.

லாரியில் ஏற்றிக்கொள்கிறோம் என்றால் பைகளை முதலில் கழற்றுங்கள். பின்கியரைப் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினால் டெரெய்லர் உள்பக்கம் ஒதுங்கிவிடும். படுக்க வைப்பதானால் செயின் பக்கம் மேலே. கயிறு ஃபிரேமில், சக்கரத்தில் அல்ல. பாஸ்போர்ட், பணம், போன் உங்கள் மடியில்.

வழி கேட்பதில் ஒரு நுட்பம். "இந்த ஊருக்கு இதுதானே வழி?" என்றால் மனம் நோகக்கூடாதென்று ஆமாம் என்பவர்கள் உண்டு. "இந்தச் சாலை எங்கே போகிறது?" என்று கேளுங்கள். மேடு இருக்கிறதா என்று கார்காரரிடம் கேட்டுப் பயனில்லை. 4 சதவீத ஏற்றம் அவருக்குத் தெரியவே தெரியாது. பாரத்தோடு மிதிக்கிறவருக்கு வேகம் பாதியாகிவிடும்.

இரவுத் தங்கலில்தான் முன்பின் தெரியாதவர்களின் அன்பு முழுதாகத் தெரியும், அதிகம் கவனம் வேண்டியதும் அங்கேதான். இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது கேட்டுவிடுங்கள். இருட்டிய பின் கதவைத் தட்டினால் வீட்டார் பயப்படுவார்கள். அவர்கள் மறுத்தால் வேறிடம் தேட நமக்கும் வெளிச்சம் மிஞ்சாது. சைக்கிளை விட்டு இறங்கி, கறுப்புக் கண்ணாடியையும் ஹெல்மெட்டையும் கழற்றி, வாசலுக்கு நான்கடி தள்ளி நில்லுங்கள். வீட்டில் தங்கலாமா என்று கேட்காதீர்கள். "கூடாரம் போட இங்கே இடம் இருக்குமா?" என்று கேளுங்கள். அவர் பக்கத்துப் பள்ளிக்கூடத்தைக் காட்டி நாசூக்காக விலகிக்கொள்ளலாம், விருப்பமிருந்தால் உள்ளேயும் அழைக்கலாம். ஒரே இரவு, காலை இத்தனை மணிக்குக் கிளம்பிவிடுவேன் என்பதை உள்ளூர் மொழியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாம் கேட்டதற்குப் பதில் சொல்கிறவர் ஒரு வகை. கேட்டதை விட்டுவிட்டு, ஊருக்கு வெளியே வேறிடம் போகலாம் வா என்று வற்புறுத்துகிறவர் வேறு வகை. இரண்டாமவரிடம் நன்றி சொல்லி, ஆள் நடமாட்டம் உள்ள இடத்துக்கே திரும்புங்கள். தனியாகப் போகும் பெண்கள் வீட்டுப் பெண்களிடமே பேச்சைத் தொடங்குவது நல்லது. முன்கூட்டியே ஏற்பாடு செய்ய, 1993 முதல் இயங்கும் வார்ம்ஷவர்ஸ் வலைப்பின்னல் இருக்கிறது. சைக்கிள் பயணிகளை அதன் உறுப்பினர்கள் இலவசமாகத் தங்க வைக்கிறார்கள்.

அவர்கள் தரும் கிணற்று நீரை எதிரிலேயே வடிகட்டாதீர்கள், மனம் புண்படும். பாட்டிலில் வாங்கிக்கொண்டு தனியே சுத்தம் செய்யுங்கள். கொதிக்க வைப்பதானால் 1 நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் 3 நிமிடம். சில நாடுகளில் வெளிநாட்டவரைத் தங்க வைத்தால் வீட்டுக்காரர் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். அதைக் கேட்காமல் தங்கி அவரைச் சிக்கலில் மாட்டிவிடக்கூடாது. வீடு அடையாளம் தெரிகிற படத்தையும் இணையத்தில் போடாதீர்கள்.

பணத்தைக் கையில் திணித்தால் பலருக்குப் பிடிக்காது. அந்த வீட்டுச் சைக்கிளைப் பாருங்கள். காற்று இறங்கியிருக்கும், செயின் வறண்டிருக்கும், பிரேக் கட்டை ரிம்மில் படாமல் டயரில் உரசும். ஒட்டுத் துண்டுகளும் சொல்யூஷனும் உங்கள் தேவைக்கு இரு மடங்காகக் கொண்டுபோனால் அரை மணி நேரத்தில் பஞ்சர் ஒட்டி, கோட்டம் எடுத்து, எண்ணெய் விட்டுக் கொடுத்துவிடலாம். செயினில் விட்ட எண்ணெயைத் துணியால் துடைத்துவிடுங்கள், மிஞ்சினால் புழுதி ஒட்டும். வீட்டுப் பிள்ளைகள் சூழ்ந்து நின்றால் அடுத்த ஒட்டை அவர்களையே போடச் சொல்லுங்கள்.