கண்ட நிலை, விட்ட நிலை

எங்கள் பட்டறையில் அளவுக் கருவிகளுக்கென்று ஓர் அட்டை உண்டு. அதில் பல கட்டங்கள் இருந்தாலும் இரண்டுதான் முக்கியமானவை. கருவியைக் கையில் எடுத்தவுடன், எந்தத் திருகையும் தொடுவதற்கு முன்பாக, அது என்ன காட்டியது என்பதை முதல் கட்டத்தில் எழுத வேண்டும். வேலையை முடித்துத் திரும்பப் பொருத்தியபோது என்ன காட்டியது என்பதை இரண்டாவதில் எழுத வேண்டும். அச்சில் 'ஆஸ் ஃபவுண்ட்', 'ஆஸ் லெஃப்ட்' என்று இருக்கும். வெளிமாநிலத்தில் இருந்த அந்த அணுமின் நிலையத்தின் பராமரிப்புப் பிரிவில் தமிழர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தோம். எங்களுக்குள் அவற்றைக் 'கண்ட நிலை', 'விட்ட நிலை' என்று சொல்லிக்கொள்வோம். பணியில் இருந்த ஆண்டுகளில் ஒழுங்குமுறை ஆய்வாளர்கள் எங்களிடம் கேட்ட கேள்விகளை இப்போது நினைத்துப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை முதல் கட்டத்தைப் பற்றியவையாகவே இருக்கின்றன. நாங்கள் பெருமையோடு எடுத்துக் காட்டியவையோ எல்லாம் இரண்டாவது கட்டத்தில் இருந்தன.

இது எனக்குப் புரிந்தது ஒரு டீசல் ஜெனரேட்டரின் அருகில் நின்றபோது. எங்களுடையது கனநீர் அணுஉலை. அத்தகைய நிலையங்களில் மின்சாரத்தை நான்கு வகுப்புகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். வெளி மின்தொகுப்பிலிருந்தும் நிலையத்தின் சொந்த ஜெனரேட்டரிலிருந்தும் வருவது நான்காம் வகுப்பு. அது போய்விட்டால் டீசல் ஜெனரேட்டர்கள் தாமாகவே புறப்பட்டுக் காப்பாற்ற வேண்டியது மூன்றாம் வகுப்பு. ஒரு நொடியும் தடைபடக் கூடாத மாறுமின்சாரம் இரண்டாம் வகுப்பு. மின்கலங்களின் நேர்மின்சாரம் முதல் வகுப்பு. உலையை நிறுத்திவிட்டால் வேலை முடிந்தது என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். நிறுத்திய அந்தக் கணத்திலும் முழுத் திறனில் ஏறத்தாழ 6 சதவீத வெப்பம் எரிபொருளிலிருந்து வந்துகொண்டேதான் இருக்கும். நேரம் செல்லச் செல்லத்தான் அது குறையும். அந்த வெப்பத்தை அகற்றும் பம்புகளுக்கு, மின்தொகுப்பு கைவிட்ட நேரத்தில், டீசல்தான் கதி. ஆகவே ஒவ்வொரு டீசலையும் குறித்த கால இடைவெளியில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஒப்புதல் அளித்த இயக்க விதிகளில் எழுதப்பட்டிருந்தது.

எங்கள் டீசல்கள் பல ஆண்டுகளாக ஒரு சோதனையிலும் தோற்றதில்லை. அதற்குக் காரணம் எங்கள் ஃபோர்மேன். வயதில் என்னைவிட இருபது ஆண்டு மூத்தவர். அதிகாரிகள் முன்னால் என்னை 'சார்' என்பார், டீ குடிக்கும்போது 'தம்பி' என்பார். சோதனை நாளன்று ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து, எஞ்சினைக் கிளப்பும் அழுத்தக் காற்றுக் கலன்களின் அடியில் தேங்கிய தண்ணீரை வடித்துவிடுவார். எண்ணெயைச் சுற்றவிட்டு ஊறவைப்பார். எரிபொருள் வடிகட்டியைக் கழுவுவார். தண்டைக் கையால் சுழற்றிப் பார்ப்பார். அதன் பிறகே கண்ட்ரோல் ரூமுக்குத் தொலைபேசியில் தயார் என்பார். பொத்தானை அழுத்தியவுடன் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பதிவேட்டில் 'திருப்தி' என்று நான் கையெழுத்திடுவேன்.

ஆய்வுக்கு வந்திருந்த அதிகாரி ஒருவர் ஒருநாள் அந்த ஒரு மணி நேரமும் எங்களோடு பேசாமல் நின்றிருந்தார். சோதனை வெற்றி. கைகுலுக்குவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, மின்தொகுப்பு விழப்போகும் நாளில் இதையெல்லாம் செய்ய ஒரு மணி நேரம் முன்னதாக யார் வருவார்கள் என்று மெதுவாகக் கேட்டார். பிறகு, வடித்த தண்ணீர் எவ்வளவு என்று எங்கே எழுதியிருக்கிறீர்கள் என்றார். எங்கும் எழுதியிருக்கவில்லை. தண்ணீரை வடிப்பது சோதனை நடைமுறையிலேயே இல்லை. அது ஃபோர்மேனின் அக்கறையில் விளைந்த பழக்கம். அடுத்த சோதனையை எஞ்சின் எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே தொடங்க வேண்டும் என்று ஆய்வுக் குறிப்பில் ஒரு வரி வந்தது.

அடுத்த முறை இரண்டு எஞ்சின்கள் கிளம்பின. மூன்றாவது கிளம்பவில்லை. பிரித்துப் பார்த்தபோது, காற்றைத் திறந்துவிடும் வால்வு துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தது. அழுத்தக் காற்றிலிருந்து ஈரத்தை எடுக்க வேண்டிய உலர்த்தி எப்போதோ செயலிழந்துவிட்டிருந்தது. எப்போது என்று சொல்ல எங்களிடம் ஒரு சான்றும் இல்லை. ஏனெனில் அந்தச் சான்றைத்தான் ஒவ்வொரு முறையும் சோதனைக்கு முன்பாக வடித்து வாய்க்காலில் விட்டுக்கொண்டிருந்தோம்.

ஃபோர்மேன் அன்று மாலை வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டுத்தானே தம்பி வண்டியில பூட்டுவோம்? அது தப்பா?" என்றார். தப்பென்று என்னால் சொல்ல முடியவில்லை, இப்போதும் முழுமையாகச் சொல்ல மாட்டேன். எண்ணெய் ஊறாமல் குளிர்ந்த எஞ்சினை ஒவ்வொரு முறையும் முழு வேகத்தில் கிளப்பினால் தேய்மானம் கூடும் என்று தயாரிப்பாளர்களே எச்சரிப்பதுண்டு. சோதனையே இயந்திரத்தைக் கெடுத்துவிடக் கூடாது என்பதும் நியாயமான கவலைதான். சில ஆயத்தங்களை அனுமதிக்கலாம், ஆனால் அவை எழுதப்பட்டிருக்க வேண்டும். அவற்றின்போது தென்பட்டவையும் எழுதப்பட வேண்டும். அவ்வப்போது ஆயத்தம் ஏதுமின்றியும் கிளப்பிப் பார்க்க வேண்டும். நெடிய கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு நாங்கள் வந்து சேர்ந்த இடம் இதுதான்.

ஒழுங்குமுறை வாரியத்தைப் பற்றி இந்த இடத்தில் சிறிது சொல்ல வேண்டும். 1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டத்தின் கீழ் 1983 நவம்பர் 15 அன்று அது அமைக்கப்பட்டது. நிலையத்தை இயக்கும் உரிமத்தை ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பத்தாண்டுகளுக்கு ஒருமுறை நிலையத்தின் பாதுகாப்பை அடிமுதல் நுனிவரை மறுஆய்வு செய்ய வேண்டும். இடையில் குறித்த காலங்களில் ஆய்வுக் குழுக்கள் வரும். அவர்கள் வரும் வாரத்தில் நிலையம் முழுவதும் சாயம் பூசிய வாசனை அடிக்கும் என்பதை இந்தத் துறையில் இருந்த எவரும் மறுக்க மாட்டார்கள். பல்லாயிரக்கணக்கான வால்வுகளும் ரிலேக்களும் கேஜ்களும் உள்ள இடத்தில் சில நாட்களில் அவர்கள் பார்க்கக்கூடியது மிகக் கொஞ்சம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற நம்பிக்கையில்தான் அந்த முறையே நிற்கிறது. எந்தச் சோற்றைத் தொட வேண்டும் என்பதை நாமே எடுத்துக் கொடுத்துவிட்டால் பானையைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்? நாங்கள் பொய் எழுதியவர்கள் அல்லர். ஆனால் நல்ல சோற்றை மேலே வைத்தவர்கள்.

விட்ட நிலையும் ஏமாற்றக்கூடியதுதான். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1979 மார்ச் 28 அதிகாலை நான்கு மணியளவில் த்ரீ மைல் ஐலண்ட் நிலையத்தின் இரண்டாம் உலையில் நீராவி உற்பத்திக் கலன்களுக்கு நீர் அனுப்பும் முதன்மைப் பம்புகள் நின்றபோது, அவசரகாலப் பம்புகள் சரியாகவே புறப்பட்டன. ஆனால் அவற்றின் வழியில் இருந்த இரண்டு வால்வுகள் மூடிக்கிடந்தன. இரண்டு நாட்களுக்கு முன் நடந்த ஒரு சோதனைக்குப் பிறகு அவை திறக்கப்படாமல் விடப்பட்டன என்பதே பரவலான கணிப்பு. மூடியிருந்ததைக் கண்டுபிடிக்க எட்டு நிமிடங்கள் ஆயின. கட்டுப்பாட்டுப் பலகையில் ஒரு வால்வின் நிலையைக் காட்டும் விளக்கைப் பராமரிப்புச் சீட்டு ஒன்று மறைத்துக்கொண்டிருந்தது. அன்றைய பெருங்கேட்டுக்கு முதன்மைக் காரணம் திறந்தபடியே நின்றுபோன வேறொரு வால்வுதான் என்றாலும், பராமரிப்புக்காரனாகிய எனக்கு அந்தச் சீட்டுத்தான் மனத்தில் நிற்கிறது. வேலை நடக்கிறது என்று சொல்லத் தொங்கவிட்ட சீட்டே வேலையின் விளைவை மறைத்துவிட்டது. ஒருவர் திறந்ததை அவரோடு சேராத மற்றொருவர் தனியே சென்று பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்ற நடைமுறையை எங்களில் சிலர் அவநம்பிக்கையாக எடுத்துக்கொண்டு முணுமுணுத்ததுண்டு. அப்படி முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன்.

கண்ட நிலையைக் காண மறுத்ததற்கு, நான் அறிந்தவரையில், ஒஹாயோ மாநிலத்தின் டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தை விஞ்சும் எடுத்துக்காட்டு இல்லை. அங்கே உலைக் கலத்தின் மூடியில் உள்ள குழாய் ஒன்றின் விரிசல் வழியே போரிக் அமிலம் கலந்த நீர் ஆண்டுக்கணக்கில் கசிந்து, மூடியின் மேல் உப்பாகப் படிந்துகொண்டிருந்தது. 2000ஆம் ஆண்டு ஷட்டவுனில் அந்தப் படிவு துருச் சிவப்பில் இருந்ததைப் புகைப்படமே எடுத்திருக்கிறார்கள். கட்டடத்துக் காற்றைச் சோதிக்கும் கருவியின் வடிகட்டிகள் துருத்தூளால் அடைபட, அவற்றை அடிக்கடி மாற்றிக்கொண்டும் இருந்திருக்கிறார்கள். அதாவது கருவி உண்மையைச் சொல்லிக்கொண்டே இருந்தது, பராமரிப்பு அதைத் துடைத்துக்கொண்டே இருந்தது. 2001 டிசம்பர் 31க்குள் இத்தகைய குழாய்களைச் சோதிக்க வேண்டும் என்று அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம் விரும்பியது. நிறுவனம் அவகாசம் கேட்டது. பிப்ரவரி நடுப்பகுதி வரை கிடைத்தது. 2002 மார்ச்சில் பார்த்தபோது, பதினாறு சென்டிமீட்டருக்கும் கூடுதல் தடிமன் கொண்ட எஃகு மூடியில் ஓரிடம் முழுவதுமாக அரிக்கப்பட்டு, உட்புறத்தில் பூசிய ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான துருப்பிடிக்காத எஃகுத் தகடு மட்டும் சுமார் 150 வளிமண்டல அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. அது தாங்கியது. நிலையம் மறுபடி இயங்க இரண்டாண்டுகள் ஆயின. அவகாசம் கொடுத்த ஆணையமும் கடுமையான விமர்சனத்துக்கு உள்ளானது, அது நியாயமே என்று நினைக்கிறேன்.

நம் நாட்டில் எங்கள் தலைமுறைக்குப் பாடமானது உத்தரப் பிரதேசத்தின் நரோரா. 1993 மார்ச் 31 அதிகாலையில் முதல் உலையின் டர்பைனில் கடைசி அடுக்கைச் சேர்ந்த இரண்டு இதழ்கள் உலோகச் சோர்வால் முறிந்தன. அதிர்வில் ஜெனரேட்டரின் கசிவடைப்புகள் உடைந்து, அதைக் குளிர்விக்கும் ஹைட்ரஜனும் எண்ணெயும் தீப்பிடித்தன. தீ கேபிள்களில் பரவி, ஒன்றுக்கொன்று மாற்றாக வைத்திருந்த மின்வழிகளை எல்லாம் ஒருசேரக் கொண்டுபோய், நிலையத்தை ஏறத்தாழ 17 மணி நேரம் முழு இருளில் தள்ளியது. உலை முன்னமே நிறுத்தப்பட்டிருந்தது. இருந்தும் ஊழியர்கள் டார்ச் வெளிச்சத்தில் மேலேறி, அணுப்பிளவு மீண்டும் தொடங்காமல் தடுக்கும் போரான் கரைசலை உலைக்குள் செலுத்தும் வால்வுகளைக் கையால் திறந்தார்கள். டீசலால் ஓடும் தீயணைப்புப் பம்புகளைக் கொண்டு நீராவிக் கலன்களுக்கு நீர் அனுப்பினார்கள். அந்தச் செய்தியைப் படித்த பிறகு எங்கள் ஃபோர்மேன் தீயணைப்புப் பம்பின் டீசலையும் தன் பிள்ளைகளின் பட்டியலில் சேர்த்துக்கொண்டார். அதுவரை டர்பைன் கூடத்தை 'அந்தப் பக்கம்' என்றே சொல்லி வந்தோம்; கதிரியக்கம் இல்லாத பக்கம், அனல்மின் நிலையத்திலும் இருப்பதுதானே என்ற அலட்சியம் அந்தச் சொல்லில் இருந்தது.

டீசல் கிளம்பாமல் போன மாதத்துக்குத் திரும்புகிறேன். அந்த அவமானத்தில் எங்கள் மேலதிகாரிகள் எல்லா எஞ்சின்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்துப் புதுப்பித்துவிடலாம் என்று திட்டம் போட்டார்கள். இதற்கும் ஆய்வாளர்களிடமிருந்து கேள்விதான் வந்தது: பிரித்துப்போட்ட எஞ்சின் கிளம்பாது என்பது உங்களுக்குத் தெரியும்தானே? அமெரிக்க ஆணையம் 1991 ஜூலையில் வெளியிட்டு 1996 ஜூலை முதல் நடைமுறைப்படுத்திய பராமரிப்பு விதியில் இதே சிக்கல் பேசப்படுவதைப் பின்னாளில் படித்தேன். எந்த வால்வை எப்படிப் பிரிக்க வேண்டும் என்று அந்த விதி சொல்வதில்லை. பராமரிப்பு பலன் தருகிறதா என்பதை நிலையமே அளந்து காட்ட வேண்டும் என்கிறது. பழுதைத் தடுக்கச் செய்யும் வேலையையும், அந்த வேலைக்காக இயந்திரம் இல்லாமல் இருக்கும் நேரத்தையும் தராசில் வைக்கச் சொல்கிறது. ஓர் இயந்திரத்தைக் கழற்றும் முன், அது இல்லாத நேரத்தில் என்னென்ன நேரலாம் என்று மதிப்பிட வேண்டும் என்ற கட்டாயம் பிறகு சேர்க்கப்பட்டது. எங்கள் திட்டம் கைவிடப்பட்டது. உலர்த்தியை மாற்றினோம், ஒட்டிக்கொண்ட வகை வால்வுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சோதித்தோம்.

ஃபோர்மேன் தண்ணீர் வடிப்பதை விடவில்லை. சோதனைக்கு முன்பாக அல்லாமல் முடிந்த பிறகு வடித்தார். வாய்க்காலில் விடாமல், மருந்துக்கடையில் வாங்கிய கோடு போட்ட கண்ணாடி ஜாடி ஒன்றில் பிடித்து, அளவைப் பதிவேட்டில் எழுதி, அடுத்த சோதனை வரை அந்த ஜாடியை அலமாரியிலேயே வைத்திருந்தார். அடுத்த ஆய்வுக்கு அதே அதிகாரி வந்தபோது பதிவேட்டை நீட்டுவதற்கு முன் ஜாடியைத்தான் எடுத்துக் காட்டினார்; அடியில் ஈரம் மட்டும் இருந்தது. ஃபோர்மேன் ஓய்வு பெற்ற பிறகு ஜாடி என் பொறுப்புக்கு வந்தது. மூன்றாம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு சோதனைக்குப் பிறகு அதில் இரண்டு விரற்கடை தண்ணீர் நின்றது. எஞ்சின் முதல் முயற்சியிலேயே கிளம்பியிருந்தது, பதிவேட்டிலும் 'திருப்தி' என்றே எழுதியாகிவிட்டது. அதன் கீழே தண்ணீரின் அளவை எழுதிவிட்டு, உலர்த்தியைத் திறக்கப் பெர்மிட் கேட்டு கண்ட்ரோல் ரூமுக்குத் தொலைபேசியில் பேசினேன்.