300 வெள்ளிக்குள் (ரிங்கிட்) நல்ல பூல் கியூ, அதாவது பூல் ஆடும் கோல்: பரிசாக வாங்கப் போகிறவர்களுக்கு

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புறப் பட்டணத்தில் "மச்சான் ஸ்னூக்கர் ஆடப் போயிருக்கார்" என்று வீட்டில் சொன்னால், பெரும்பாலும் அவர் ஆடிக்கொண்டிருப்பது பூல்தான். கடைவீட்டு மாடியில் பச்சைத் துணி விரித்த எந்த மேசைக்கும் ஸ்னூக்கர் என்றே பேர் வைத்துவிட்டோம். பரிசு வாங்குகிறவர்கள் முதலில் தவறுவது இந்தப் பேரில்தான். அவர் சொன்னதை நம்பி ஸ்னூக்கர் கியூ வாங்கிவிடுகிறார்கள்.

இரண்டும் வேறு. ஸ்னூக்கர் பந்தின் விட்டம் 52.5 மி.மீ.; பூல் பந்து 57.15 மி.மீ., கனமும் அதிகம், ஏறக்குறைய 170 கிராம். ஸ்னூக்கர் கியூவுக்கு நுனி 9 முதல் 10 மி.மீ., மரம் பெரும்பாலும் ஆஷ். அந்த மெல்லிய நுனியால் பூல் பந்தை ஓங்கி பிரேக் (ஆட்டத்தைத் தொடங்கும் முதல் அடி) அடித்தால் நுனியிலுள்ள ஃபெருல் என்ற வளையம் நாளடைவில் விரிசல் விடலாம். பூலுக்கு வேண்டியது 12.5 முதல் 13 மி.மீ. நுனியும் மேப்பிள் மர ஷாஃப்டும் (கியூவின் மெல்லிய முன்பாதி). அதனால் ஒருநாள் அவர் ஆடும் இடத்துக்கே போய் மேசையைப் பார்த்துவிடுங்கள். பந்துகளில் எண் இருந்தால் பூல். எண்ணில்லாத சிவப்புப் பந்து பதினைந்து கிடந்தால் ஸ்னூக்கர்.

அங்கேயே எடையையும் தெரிந்துகொள்ளலாம். பொதுக் கியூக்களின் அடிப்பாகத்தில் பல இடங்களில் 18, 19, 20, 21 என்று எண் இருக்கும். அது அவுன்ஸ் கணக்கு. அவர் திரும்பத் திரும்பத் தேடி எடுக்கும் எண்தான் அவர் கைக்குப் பழகிய எடை. எண் தேய்ந்துபோயிருந்தால் 19 அவுன்ஸ், அதாவது 539 கிராம், வாங்குங்கள். பட்டின் (கியூவின் தடித்த பின்பாதி) அடியிலுள்ள ரப்பரைக் கழற்றி உள்ளே இருக்கும் எடை போல்ட்டை மாற்றக்கூடிய கியூவாக இருந்தால் இன்னும் நல்லது. பிறகு கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். நீளம் 58 அங்குலம், சுமார் 147 செ.மீ., பெரியவர்களில் அநேகருக்குச் சரியாக இருக்கும். இடக்கைக்காரருக்கென்று தனிக் கியூ கிடையாது.

இனி காசு. 300 வெள்ளிக்குள் வாங்கும்போது, பட்டில் இருக்கும் வேலைப்பாட்டுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு வெள்ளியும் ஷாஃப்டிலிருந்து பிடுங்கிய வெள்ளி. இந்த விலையில் வரும் நாகப்படமும் முத்துப் பூவும் பெரும்பாலும் வார்னிஷுக்கு அடியில் ஒட்டிய படம்தான். ஒற்றை நிறத்தில் சாயம் பூசிய சாதாரணப் பட்டை வாங்கினால் ஆட்டத்தில் ஒன்றும் குறையாது. ஷாஃப்ட் என்ன மரம் என்று கேளுங்கள். 'ஹார்ட் மேப்பிள்' என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். வெறுமனே 'நல்ல கட்டை மரம்' என்றால் அது நம் சரவாக் சதுப்புக் காட்டு ராமினாகவும் இருக்கலாம். மலிவான பொதுக் கியூக்களில் அதிகம் புழங்கிய மரம் அது. சுருங்கச் சொன்னால், ஷாஃப்டுக்குப் பணம் கொடுங்கள். பிரிடேட்டர், மெஸ் மாதிரி பெரிய கம்பெனிக் கியூக்கள் 200 வெள்ளிக்குக் கிடைத்தால் அது போலி, தொடவே வேண்டாம்.

கடையில் பார்க்க வேண்டிய முக்கியமான விஷயம் நேர். அநேகர் கியூவை முழுசாக மாட்டி மேசையில் உருட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறார்கள். அதில் பாதிதான் தெரியும். ஷாஃப்டை மட்டும் தனியாக எடுங்கள். ஜாயிண்ட் முனை (பட்டோடு மாட்டும் பக்கம்) மேசை விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்து மெதுவாக உருட்டுங்கள். ஷாஃப்ட் நுனி நோக்கி ஒடுங்குவதால் அடியில் ஓர் இடைவெளி தெரியத்தான் செய்யும், அது குறையல்ல. உருளும்போது அந்த வெளிச்சக்கீற்று பெருத்துச் சிறுத்து, நுனி குதித்தால் மரம் வளைந்திருக்கிறது. பட்டையும் அடி ரப்பர் மேசையில் படாமல் வைத்து இதேபோல் பாருங்கள். பிறகு இரண்டையும் மாட்டி உருட்டுங்கள். தனித்தனியாக நேராக உருண்டு, மாட்டியபின் ஆடினால் குறை மரத்தில் இல்லை. ஜாயிண்டின் முகம் சாய்வில்லாமல் செங்குத்தாகச் சீவப்படவில்லை. இதைச் சரிசெய்ய லேத் (கடைசல் இயந்திரம்) வேண்டும், அதனால் அந்தக் கியூவை விட்டுவிடுங்கள். தரை ஓட்டில் உருட்டிப் பார்த்து எதையும் முடிவு செய்யக் கூடாது. ஓடே சமமாக இருக்காது.

கடைசியாக, பட்டைக் கன்னத்தோரம் வைத்து, ஒற்றைக் கண்ணால் நுனி வரை நோக்கியபடி கியூவை மெல்லச் சுழற்றுங்கள். வளைவு இருந்தால் சுழலச் சுழல அது இடமும் வலமுமாகத் திரும்பும்.

மாட்டிய ஜாயிண்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கோடாகக்கூட ஒளி தெரியக் கூடாது. பட்டை உள்ளங்கையில் லேசாகத் தட்டிக் கேளுங்கள். கிணுகிணுவென்று அதிர்ந்தால் எடை போல்ட்டோ ஃபெருலோ தளர்ந்திருக்கிறது. ஷாஃப்டில் மர ரேகை நுனியிலிருந்து அடிவரை நேராக ஓட வேண்டும்; நடுவில் சாய்ந்து பக்கவாட்டில் வெளியேறினால் அந்த இடத்தில் பலம் குறைவு. மேப்பிளில் ஆங்காங்கே தெரியும் பழுப்புக் கீற்றைப் பார்த்து ஒதுக்க வேண்டாம், அது மரத்தின் இயல்பு. நல்ல ஷாஃப்டை அந்தக் கீற்றுக்காகத் திருப்பிக் கொடுப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும்.

டிப்புக்கும் (பந்தில் படும் நுனித் தோல்) ஃபெருலுக்கும் நடுவில் நகத்தை ஓட்டுங்கள். நகம் தடுக்கினால் ஒட்டு சரியில்லை. திருகி மாட்டும் டிப் உள்ள கியூ வேண்டவே வேண்டாம். ஒட்டும் தோல் டிப்தான் சரி. விலை குறைந்த கியூவோடு வரும் டிப் பெரும்பாலும் சுமார் ரகம், அதற்காகக் கியூவை நிராகரிக்க வேண்டியதில்லை. வேறு டிப் மாற்றுவதானால், எல்க் மாஸ்டர் மென்மையான டிப். டிரையாங்கிள் கொஞ்சம் கடினம், பூலுக்கு நன்றாக நிற்கும், விலையும் அதிகமில்லை. புது டிப் பல சமயம் தட்டையாக வரும். தட்டை டிப்பால் பந்தின் ஓரத்தை அடித்தால் விளிம்புதான் முதலில் படும், சறுக்கிவிடும். நம் 20 காசு நாணயத்தை டிப்பின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அதன் விட்டம் 20.6 மி.மீ.; டிப்பின் முகடு அந்த வளைவோடு ஒத்துப்போனால் போதும். அமெரிக்க ஆட்டக்காரர்கள் நிக்கல் (அவர்களுடைய ஐந்து காசு நாணயம்) வளைவு என்று சொல்வது ஏறத்தாழ இதைத்தான்.

கை வேர்க்கும் ஆளாக இருந்தால் நூல் சுற்றிய பட் வாங்குங்கள். ஐரிஷ் லினன் நூல் வேர்வையை உறிஞ்சும்.

இணையத்தில் வாங்கினால் நேரைப் படத்தில் பார்க்க முடியாது. அனுப்பப் போகும் அதே ஷாஃப்டை உருட்டிக் காணொளி அனுப்பச் சொல்லுங்கள். நுனி எத்தனை மி.மீ., எடை எத்தனை அவுன்ஸ், திருப்பி அனுப்ப எத்தனை நாள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தடித்த அட்டைக் குழாயில் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். பொட்டலத்தைப் பிரிக்கும்போது நீங்களும் காணொளி எடுங்கள்.

கியூவுக்கு 220 வெள்ளி என்று வைத்துக்கொண்டு, மீதி 80 வெள்ளியில் கெட்டியான கியூ பெட்டி, டிப்பில் பூசும் சாக், டிப் தேய்க்கும் கருவி, ஒரு மைக்ரோஃபைபர் துணி வாங்குங்கள். பெட்டி இல்லாத கியூ நம் ஊரில் சுவரில் சாய்ந்துதான் நிற்கும். ஈரக்காற்றில் சாய்ந்து நிற்கும் மரம் வளையும். வெயிலில் நிறுத்திய காரின் பின்பெட்டியும் அதே அளவுக்குக் கெடுதல். பிசுபிசுத்த ஷாஃப்டை மணல்தாளால் தேய்க்கக் கூடாது, ஒவ்வொரு தேய்ப்பிலும் ஷாஃப்ட் மெலியும். துணியால் வேகமாகத் தேய்த்துச் சூடேற்றினாலே போதும்.

தீபாவளிக்குக் கொடுப்பதாக இருந்தால் மூன்று வாரம் முன்னதாகவே வாங்கிவிடுங்கள். குளிரூட்டிய கடையிலிருந்து நம் வீட்டு ஈரத்துக்கு வந்த மரம் கொஞ்சம் அசையும். பெட்டியிலேயே பத்து நாள் படுக்க வைத்து, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இன்னொரு முறை ஷாஃப்டைத் தனியாக உருட்டிப் பாருங்கள். நுனி குதித்தால் ரசீதோடு அன்றைக்கே கடைக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்துவிடலாம்.