அந்த 10,000 மடங்கு எங்கிருந்து வந்தது

கேன்சர் லேபில் வேலை பார்க்கிறேன் என்றால் ஊரில் எல்லோரும் முதலில் கேட்பது, மருந்து கண்டுபிடித்தாயிற்றா என்றுதான். அடுத்து கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "உனக்கு அது ஒட்டிக்காதா?" என்பார்கள். ஒட்டாது. சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் ப்ராஜெக்ட் அசிஸ்டன்ட்டாக இருக்கிறேன், எங்கள் அறையில் நோயாளிகள் கிடையாது, எலிகள்கூடக் கிடையாது, இருப்பதெல்லாம் ஃபிளாஸ்க்குகளில் வளரும் செல்கள்.

போன மாதம் கோவில்பட்டியிலிருந்து பெரியம்மா ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பியிருந்தார். முள்சீத்தா இலை கீமோவைவிட 10,000 மடங்கு சக்தி வாய்ந்தது, மருந்து கம்பெனிகள் மறைத்துவிட்டன, அனைவருக்கும் பகிருங்கள் என்று. கீழே பெரியம்மாவின் வாய்ஸ் மெசேஜ்: "பக்கத்து வீட்டு அக்கா இதைக் குடிக்க ஆரம்பிச்சிருக்கா, கீமோவுக்கு இந்தத் தடவை போகல. உங்க லேப்ல இந்த இலையப் போட்டு ஒரு டெஸ்ட் பண்ணிச் சொல்லேன்." அதைக் கேட்டதும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. ஏனென்றால் அந்த 10,000 முழுப் பொய் இல்லை. எங்களைப் போன்ற ஒரு லேபில் அளந்த எண்தான் அது. அது எதை அளந்த எண் என்று ஊருக்குப் புரியும்படி யாராவது சொல்ல வேண்டும், அதற்குத்தான் எழுதுகிறேன். அதற்கு முன்னால் நாங்கள் தினமும் என்ன செய்கிறோம் என்று சொன்னால்தான் விளங்கும்.

காலையில் லேபுக்குள் நுழைந்ததும் முதலில் இன்குபேட்டரைத் திறந்து ஃபிளாஸ்க்குகளைப் பார்ப்பேன். 37 டிகிரி, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, உடம்புக்குள் இருப்பது போன்ற சூடும் காற்றும். செல்களுக்கு உணவாக ஊற்றும் திரவமான மீடியா இளஞ்சிவப்பாக இருந்தால் செல்கள் நன்றாக இருக்கின்றன, மஞ்சளாக மாறியிருந்தால் சாப்பிட்டு முடித்து அமிலமாக்கிவிட்டன, உடனே மாற்ற வேண்டும். மேகம் போலக் கலங்கியிருந்தால் பாக்டீரியா புகுந்துவிட்டது, அதை அப்படியே, நீராவியில் கிருமிகளைக் கொல்லும் ஆட்டோகிளேவுக்கு அனுப்ப வேண்டியதுதான். இந்த மீடியாவில் கலக்கும் சீரம், பிறக்காத கன்றின் ரத்தத்திலிருந்து எடுப்பது, அரை லிட்டர் பாட்டில் பல ஆயிரம் ரூபாய், அதனால் ஒவ்வொரு மில்லியும் கணக்கு. செல்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது, பொங்கலும் தெரியாது. நாலு பேரும் முறை போட்டுக்கொண்டு வருவோம். ஃபெல்லோஷிப் பணம் மாதக்கணக்கில் தாமதமாகும்போதும் முறை மட்டும் தவறாது.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது மைக்கோப்பிளாஸ்மா என்ற மிக நுண்ணிய பாக்டீரியாவுக்குத்தான். அதற்குச் செல் சுவர் கிடையாது, அதனால் நாங்கள் போடும் பென்சிலின் அதை ஒன்றும் செய்யாது. மீடியா கலங்காது, சாதாரண மைக்ராஸ்கோப்பில் தெரியவும் தெரியாது. செல்கள் பார்வைக்கு நன்றாக இருக்கும், ஆனால் அவற்றின் உள்ளே எல்லாம் மாறிப்போயிருக்கும், அதை வைத்து எடுக்கும் எந்த முடிவும் செல்லாது. அதனால் பிசிஆர் வைத்து அடிக்கடி சோதிப்போம்.

இந்தச் செல்கள் யாருடையவை என்று பலருக்குத் தெரியாது. எங்களிடம் இருக்கும் ஹீலா என்ற செல் வகை, ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து வந்தது. 1951-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அவரிடம் கேட்காமலே எடுத்தார்கள். அதே வருஷம் அக்டோபரில் அவர் இறந்துபோனார், வயது 31. செல்கள் இன்னும் பெருகிக்கொண்டே இருக்கின்றன. அந்தச் செல்களுக்குள் மனித பாப்பிலோமா வைரஸின் 18-ஆம் வகை இருக்கிறது என்று பின்னால் தெரிந்தது. அந்த வைரஸ்தான் கருப்பைவாய்ப் புற்றுக்குக் காரணம் என்று காட்டிய ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் கிடைத்தது, தடுப்பூசியும் அந்த வழியில்தான் வந்தது. செல்களைப் பயன்படுத்திச் சம்பாதித்த ஒரு பெரிய கம்பெனியோடு அவர் குடும்பத்துக்குச் சமரசம் ஏற்பட்டது 2023-ல்தான், அவர் இறந்து 70 வருஷத்துக்கும் மேலே கழித்து.

நான் அதிகம் கையாளுவது எம்சிஎஃப்-7. மார்பகப் புற்றுச் செல். மிச்சிகனில் சிஸ்டர் கேத்தரின் ஃபிரான்சிஸ் என்ற கன்னியாஸ்திரியின் நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரிலிருந்து 1970-ல் எடுத்தது. மிச்சிகன் கேன்சர் ஃபவுண்டேஷன் என்பதன் எழுத்துகள், ஏழாவது முயற்சியில் பிழைத்தது என்பதற்கு 7. மார்பகப் புற்றுக்குக் கொடுக்கும் தமோக்சிஃபென் மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டதில் இந்தச் செல்களுக்குப் பெரிய பங்கு உண்டு, இன்றைக்கு நம் ஊரில் எத்தனையோ அம்மாக்கள் தினமும் விழுங்கும் மாத்திரை அது. ஃபிளாஸ்க்கில் தேதி எழுதும்போது சில சமயம் அவரை நினைத்துக்கொள்வேன்.

எங்கள் ப்ராஜெக்டில் மருத்துவமனையிலிருந்து கட்டித் திசுவும் வருகிறது. ஆபரேஷனில் எப்படியும் எடுக்கப்போகும் கட்டியிலிருந்து ஒரு சிறு துண்டு. அதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், நோயாளியின் கையெழுத்தும் வேண்டும். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் படித்துக் காட்டுவது என் வேலை. ஒரு அம்மா முழுசாகக் கேட்டுவிட்டு, "இதோட ரிசல்ட் எனக்கு எப்ப வரும்?" என்றார். உங்களுக்கு வராதும்மா, இது ஆராய்ச்சிக்கு, உங்கள் வைத்தியத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வேண்டாம் என்றார். நான் நன்றி சொல்லிவிட்டு, ஐஸ் பெட்டியைக் காலியாகவே எடுத்துக்கொண்டு வந்தேன். ஒரு சாம்பிள் போனதில் வருத்தம் உண்டு, ஆனால் ஹென்ரியெட்டா லாக்ஸிடம் யாரும் கேட்காத கேள்வியை நாங்கள் கேட்டோம், அவர் பதில் சொன்னார், அது அப்படித்தான் நடக்க வேண்டும்.

சரி, பெரியம்மா கேட்ட அந்த டெஸ்டுக்கு வருகிறேன். எம்டிடி என்று பெயர், 1983-ல் டிம் மோஸ்மன் வெளியிட்ட முறை, உலகத்தில் எந்தக் கேன்சர் லேபுக்குப் போனாலும் இதைச் செய்துகொண்டிருப்பார்கள். பணியாரக் கல் போல 96 குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு குழியிலும் சில ஆயிரம் செல்களைப் போட்டு, அவை ஒட்டிக்கொள்ள ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் நாம் சோதிக்கும் பொருளைப் பல அளவுகளில் சேர்க்க வேண்டும். ஒன்றோ இரண்டோ நாள் கழித்து எம்டிடி என்ற மஞ்சள் கரைசலை ஊற்றினால், உயிரோடு இருக்கும் செல்கள், முக்கியமாக அவற்றுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா, அதை ஊதா நிறப் படிகங்களாக மாற்றும். மீடியாவை உறிஞ்சி எடுத்துவிட்டு டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் படிகத்தைக் கரைத்து, 570 நானோமீட்டரில் நிறத்தை அளப்போம். ஊதா எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு செல்கள் போய்விட்டன என்று கணக்கு. பாதியாகக் குறைக்கும் அளவுக்கு ஐசி50 என்று பெயர்.

இதில் கவனிக்க வேண்டியவை நிறைய. நாம் அளப்பது நிறத்தை, சாவை இல்லை. செல் சாகாமல் சோர்ந்து கிடந்தாலும் நிறம் குறையும். சில இலைச் சாறுகள் செல்லே இல்லாத குழியிலும் தானாகவே மஞ்சளை ஊதாவாக்கும், அதற்குத் தனிக் குழிகள் வைக்காவிட்டால் எல்லாம் குழம்பிவிடும். சாறைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ கொஞ்சம் அதிகமானால் அதுவே செல்லைக் கொல்லும். உப்பைக் கூட்டினாலும் சாகும், சாராயம் ஊற்றினாலும் சாகும். தட்டில் இருக்கும் செல்லைக் கொல்வது சுலபம். பக்கத்தில் இருக்கும் நல்ல செல்லை விட்டுவிட்டு இதை மட்டும் கொல்வதில்தான் கஷ்டமெல்லாம்.

கட்டுரைகளில் ஒரு சாறின் ஐசி50 ஒரு மில்லிக்கு 100 மைக்ரோகிராம் என்று போட்டு, சிறந்த புற்றுநோய் எதிர்ப்புத் திறன் என்று முடித்திருப்பார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம். அந்த அளவை ரத்தத்தில் எட்ட வேண்டும் என்றால் அரை கிராம் சாறு முழுசாக ரத்தத்துக்குள் வந்து, கல்லீரல் அதைச் சிதைக்காமல், சிறுநீரகம் வெளியேற்றாமல், திசுக்களுக்குள் பிரிந்து போகாமல் ஒன்றிரண்டு நாள் அப்படியே நிற்க வேண்டும். வாய் வழியாகப் போகிற பெரும்பாலானவை அப்படி நிற்பதில்லை. மஞ்சளில் இருக்கும் குர்குமின் தட்டில் எத்தனையோ வகைச் செல்களைக் கொல்கிறது, நானே பார்த்திருக்கிறேன். ஆனால் சாப்பிட்டால் குடல் உறிஞ்சுவது மிகக் குறைவு, அந்தக் கொஞ்சத்தையும் உடம்பு சீக்கிரமே மாற்றி வெளியேற்றிவிடுகிறது.

இப்போது 10,000. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் முள்சீத்தா விதையிலிருந்து, கவனியுங்கள், இலையிலிருந்து இல்லை, விதையிலிருந்து, சில பொருள்களைப் பிரித்து 1996-ல் வெளியிட்டார்கள். அவற்றில் ஒன்று சிஸ்-அன்னோனாசின். பெருங்குடல் புற்றுச் செல் ஒன்றில், ஹெச்டி-29 என்று பெயர், அட்ரியாமைசினைவிட 10,000 மடங்கு வீரியம் காட்டியது. அட்ரியாமைசின் கீமோவில் சிவப்பாக ஏற்றுவார்களே, அந்த மருந்துதான். வீரியம் என்றால் என்ன? அதே வேலையைச் செய்ய அட்ரியாமைசினில் 10,000-ல் ஒரு பங்கு போதும், அவ்வளவுதான். குணமாக்கும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. சோதித்தவற்றுள் ஒரு வகைச் செல்லில், தட்டில், சுத்தமாகப் பிரித்தெடுத்த ஒரு பொருளில் கிடைத்த எண் அது. அதைத்தான் யாரோ எடுத்து, விதையை இலையாக்கி, ஹெச்டி-29-ஐ எல்லாக் கேன்சராகவும் ஆக்கி, தட்டை மனித உடம்பாக்கி அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் பொருள் அவ்வளவு வீரியமாக இருப்பதற்கும் காரணம் இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றல் தயாரிக்கும் சங்கிலியின் முதல் கண்ணியையே அது அடைக்கிறது. மைட்டோகாண்ட்ரியா புற்றுச் செல்லில் மட்டுமா இருக்கிறது? நரம்புச் செல் அதை நம்பித்தான் வாழ்கிறது. கரீபியனில் குவாதலூப் என்ற தீவில், வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத பார்க்கின்சன் போன்ற நோய் அதிகமாக இருப்பதை மருத்துவர்கள் 1999-ல் எழுதினார்கள். அந்த நோயாளிகளில் பலர் இந்தப் பழத்தையும் இதன் இலைக் கஷாயத்தையும் வழக்கமாகச் சாப்பிட்டு வந்தவர்கள், அதனால் தொடர்பு இருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த அன்னோனாசின் நரம்புச் செல்லைக் கொல்கிறது என்று லேபிலும் காட்டியிருக்கிறார்கள். இதெல்லாம் அந்த வாட்ஸ்அப் செய்தியில் இல்லை. பெரியம்மாவிடம் போனில் இவ்வளவையும் சொன்னேன், "இதை நீ அவகிட்டயே சொல்லு" என்று போனை அந்த அக்காவிடம் கொடுத்துவிட்டார். ஒரு மணி நேரத்துக்கும் மேல் பேசினோம். கீமோ அன்றைக்கு வரும் வாந்தியை நினைத்தாலே பயம் என்றார். கடைசியில்தான் எனக்குப் புரிந்தது, அவர் இலையை நம்பி நிறுத்தவில்லை, வாந்திக்குப் பயந்து நிறுத்தியிருக்கிறார். அதற்கு மாத்திரை மாற்றித் தருவார்கள், போய்க் கேளுங்கள் அக்கா என்றேன்.

செடியிலிருந்து மருந்து வராது என்று நான் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் பக்கத்திலேயே, தென் மாவட்டங்களில், நித்தியகல்யாணியை வயலில் பயிரிட்டு விற்கிறார்கள். அதிலிருந்துதான் வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் வந்தன. 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும், ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்குக் குடித்த அந்த இலையைச் சோதித்துப் பார்த்தார்கள். எலியின் சர்க்கரை குறையவில்லை, ஆனால் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரிந்தன. அதை விடாமல் துரத்திப் போய் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். இன்றைக்கு ரத்தப் புற்று வந்த குழந்தைகளுக்கு வின்கிரிஸ்டின் கொடுக்கிறார்கள். எப்படிக் கொடுக்கிறார்கள்? ரத்த நாளத்தில் மட்டும், உடம்பின் பரப்பளவைக் கணக்கிட்டு, ஒரு தடவைக்கு வழக்கமாக 2 மில்லிகிராமுக்கு மேல் போகாமல். தவறித் தண்டுவட நீரில் ஏற்றிவிட்டால் உயிர் போய்விடும். அந்தச் செடியின் இலையைத்தான் அரைத்துக் குடிக்கலாமா என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம்.

பெரியம்மா கேட்ட டெஸ்டை நான் செய்யப்போவதில்லை. செய்தால் ஊதா குறையும், அது எனக்கு இப்போதே தெரியும், அந்தப் படத்தை யாராவது இன்னொரு செய்தியோடு சேர்த்து அனுப்பிவிடுவார்கள். இனிமேல் இந்த மாதிரி ஏதாவது வந்தால் எனக்கு அனுப்புங்கள், மூலக் கட்டுரையைத் தேடிப் படித்து எந்தச் செல், எவ்வளவு அளவு, எலியா மனிதரா என்று பார்த்துச் சொல்கிறேன். வீட்டில் யாராவது சிகிச்சையில் இருந்துகொண்டு கஷாயமோ பொடியோ எடுக்கிறார்கள் என்றால், திட்டுவார்களோ என்று மறைக்காமல் டாக்டரிடம் பெயரையும் அளவையும் சொல்லிவிடுங்கள். கீமோ மருந்தைச் சிதைக்கும் அதே கல்லீரல்தான் அதையும் கையாள வேண்டும், ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் அளவுகள் ஏறியிருந்தால் எதனால் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.