கிரென்ஃபெல்லுக்குப் பிறகு: சுவரைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்

4 மில்லிமீட்டர். லண்டனின் கிரென்ஃபெல் கோபுரத்தின் வெளிப்புறத்தில் 2016-ல் மாட்டி முடித்த பேனலின் மொத்தத் தடிமன் அவ்வளவுதான். இரண்டு பக்கமும் அரை மில்லிமீட்டர் அலுமினியத் தகடு, நடுவில் 3 மில்லிமீட்டர் பாலிஎத்திலீன். ரெய்னோபாண்ட் 55 பிஇ என்று பெயர். பார்த்தால் உலோகம், தட்டினாலும் உலோகச் சத்தம். ஆனால் ஒரு சதுர மீட்டர் பேனலுக்குள் கிட்டத்தட்ட 2.8 கிலோ பிளாஸ்டிக் ஒளிந்திருக்கிறது. எரிந்தால் கிலோவுக்குக் கிலோ பெட்ரோலுக்குக் குறையாத வெப்பம் தரும் சரக்கு அது.

2017 ஜூன் 14, இரவு 12.54-க்குத் தீயணைப்புத் துறைக்கு முதல் அழைப்பு. மேற்கு லண்டனின் வடக்கு கென்சிங்டனில் 24 மாடி, 67 மீட்டர் உயரம், 129 வீடுகள், எல்லோருக்கும் சேர்த்து ஒரே படிக்கட்டு. நான்காம் மாடிச் சமையலறையில் ஃபிரிட்ஜில் பிடித்த தீ, வெளிச்சுவரில் ஏறிய பிறகு உச்சியைத் தொட அரை மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. 72 பேர் உயிரிழந்தார்கள்.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 'கிளாடிங்' (கட்டடத்தின் வெளிப்போர்வை) என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பழைய பேனலைக் கழற்றிப் புதுசு மாட்டினால் வேலை முடிந்தது என்று நினைக்கும் கட்டட நிர்வாகிகள் இன்றும் உண்டு. அங்கேதான் கோளாறு. 2017 கோடையில் பிரிட்டிஷ் அரசு ஏழு மாதிரிச் சுவர்களை முழு அளவில் கட்டி எரித்துப் பார்த்தது. பாலிஎத்திலீன் பேனல், பின்னால் இன்சுலேஷனாக (வெப்பக் காப்பாக), பாறையை உருக்கி இழைத்த எரியாத ராக்வூல் இருந்தும் தோற்றது, அது எதிர்பார்த்ததே. கவனிக்க வேண்டியது அடுத்த முடிவு. தீ எதிர்ப்புச் சேர்த்த பேனல், பின்னால் ராக்வூல் இருந்தபோது தேறியது. அதே பேனல், பின்னால் நுரை இன்சுலேஷன் இருந்தபோது தோற்றது. ஆக, பேனலுக்கு மட்டும் மதிப்பெண் போட முடியாது, முழுச் சுவருக்குத்தான் போட முடியும்.

கிரென்ஃபெல் சுவரை உள்ளிருந்து வெளியே அடுக்கிப் பாருங்கள். முதலில் எழுபதுகளில் கட்டிய கான்கிரீட். அதன்மேல் பெரும்பாலும் பிஐஆர் எனப்படும் நுரைப்பலகை. பிறகு ஒரு ஆள் கையை உள்ளே விடும் அளவுக்குக் காற்றிடைவெளி. கடைசியில் பேனல். மழைநீர் வடிந்து காயத்தான் அந்த இடைவெளி. தீப்பிடித்தால் அதுவே புகைபோக்கி. இருபுறமும் எரிபொருள், நடுவில் மேல்நோக்கி இழுக்கும் காற்று.

தீ உள்ளே போக வழி செய்தது ஜன்னல் ஓரம். புதுப்பிக்கும்போது ஜன்னல்களைப் பழைய கான்கிரீட் கோட்டிலிருந்து வெளியே தள்ளி வைத்தார்கள். அதனால் உண்டான இடுக்கை ரப்பர் படலம், நுரைத் துண்டு, அதன்மேல் பார்வைக்கு யுபிவிசி பிளாஸ்டிக் பலகை என்று மூடினார்கள். யுபிவிசி 100 டிகிரியை எட்டும் முன்பே நெளிந்துவிடும். சமையலறைத் தீ அந்த வழியாக வெளியே போனது. மேல் மாடிகளில் அதே வழியாக உள்ளே வந்தது. கோபுரத்தின் தலையில் அலங்காரத்துக்காக அதே பேனலில் ஒரு கிரீடம் வேறு. உச்சிக்கு ஏறிய தீ அதைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் சுற்றி வந்து, மற்ற முகங்களில் சொட்டிச் சொட்டிக் கீழே இறங்கியது.

இவ்வளவையும் மறைத்தது காகிதம். முதலில் பேசியது துத்தநாகப் பேனல். அலுமினியம்-பிளாஸ்டிக் பேனலுக்கு மாறியதில் 2,93,000 பவுண்ட் அளவுக்கு மிச்சம் என்று கணக்குக் காட்டினார்கள். பேனலின் சான்றிதழில் 'கிளாஸ் 0' என்று இருந்தது. அது மேற்பரப்பில் தீ எவ்வளவு பரவும் என்பதைச் சின்னத் துண்டில் பார்க்கும் பழைய பிரிட்டிஷ் வகைப்பாடு. உயரக் கட்டடச் சுவரைப் பற்றி அது எதுவும் சொல்லாது. படித்தவர்கள் 'எரியாது' என்று படித்தார்கள். ரிவெட் அடித்து மாட்டும் வடிவமும் பெட்டிபோல் மடித்து மாட்டும் கேசட் வடிவமும் தீயில் வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும்; கேசட் படுமோசம். சான்றிதழ் அந்த வித்தியாசத்தைக் காட்டவில்லை. கோபுரத்தில் ஏறியது கேசட். நுரைப்பலகையின் 2014 சோதனையிலோ, வெப்பமானி இருக்கும் இடங்களை ஒட்டித் தீயைத் தாங்கும் மெக்னீசியம் ஆக்சைடு பலகையை வைத்துவிட்டு, விற்பனை விளம்பரத்தில் அதைப் பற்றி மூச்சே விடவில்லை. 2024 செப்டம்பர் 4-ல் வந்த விசாரணை இறுதி அறிக்கை, ஏழு தொகுதிகள், இந்தத் தயாரிப்பாளர்களின் நடத்தையைத் திட்டமிட்ட நேர்மையின்மை என்றே எழுதியது.

அதனால்தான் 2017-க்குப் பிறகு இந்தத் தொழிலில் முக்கிய வேலை சுவரைத் திறப்பது. வரைபடத்தை நம்பாமல், எங்கே திறக்க வேண்டும் என்பதில்தான் அனுபவம் தெரியும். கை எட்டும் உயரத்தில், தரைத்தளத்தில் இரண்டு ஓட்டை போட்டு அறிக்கை எழுதுவது ஒப்புக்குச் செய்வது. கீழே ஒரு சரக்கும் மேலே வேறு சரக்கும் இருப்பது சகஜம். ஒவ்வொரு முகத்திலும், ஒவ்வொரு வகைச் சுவரிலும் திறக்க வேண்டும். ஜன்னலின் மேல் விளிம்பும் பக்க விளிம்பும், மாடித் தளம் சுவரைத் தொடும் கோடு, இரண்டு வீடுகளுக்கு இடைப்பட்ட சுவர் வெளியே வந்து முட்டும் கோடு, பால்கனி சேரும் இடம், மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர். நடுச்சுவரில் திறந்தால் இன்சுலேஷன் என்ன என்று தெரியும். உள்ளே தீத்தடுப்பு இருக்கிறதா என்று தெரியாது.

பேனல் கழன்றதும் அளவுகோலை ஒட்டி வைத்துப் படம் எடுக்க வேண்டும். இன்சுலேஷனில் அச்சிட்ட எழுத்து தெரிந்தால் அதைத் தனியாக ஒரு படம். பேனல் விளிம்பைச் சுரண்டிப் பார்த்து, கருப்பாக இருக்கிறது, ஆகவே பாலிஎத்திலீன் என்று எழுதக் கூடாது. நிறம் நம்பத் தகுந்ததல்ல. ஒரு அடிக்கும் குறைவான துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பி, நடுப்பொருள் கிலோவுக்கு எத்தனை மெகாஜூல் தருகிறது என்று பார்க்க வேண்டும். 3-க்குள் என்றால் முதல் வகை, 35 வரை இரண்டாவது, அதற்கு மேல் மூன்றாவது. சுத்தமான பாலிஎத்திலீன் 46-ஐ ஒட்டி வரும்.

பிறகு கேவிட்டி பேரியர், இடைவெளியில் தீயை மறிக்கும் தடுப்பு. அதிகம் சொதப்புவது இதில்தான். குறுக்கே கிடக்கும் தடுப்பு, பின்னால் இன்சுலேஷனை ஊடுருவிக் கான்கிரீட்டைத் தொட வேண்டும். முன்னால் காற்றுக்காக 25 மில்லிமீட்டர் போல விட்டிருக்கும். அந்த விளிம்பில் ஒட்டிய பட்டை சூடு பட்டதும் உப்பி இடைவெளியை அடைக்கும். செங்குத்துத் தடுப்பில் இடைவெளியே கூடாது, பேனல்வரை அழுந்தி நிற்க வேண்டும். திறந்தால் கிடைப்பது வேறு. இன்சுலேஷனின் முகத்தில் ஒட்டவைத்த தடுப்பு. பின்னால் நுரை எரிந்ததும் அது அப்படியே விழும். உப்பும் பட்டை சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடக்கும். 25-க்குச் செய்ததை 50 இடைவெளியில் வைத்திருப்பார்கள், உப்பினாலும் எட்டாது. பிடிக்கும் கம்பி குறைவாகப் போட்டதால் தொய்ந்திருக்கும். பேனலைத் தாங்கும் அலுமினியச் சட்டம் குறுக்கே போகும் இடத்தில் தடுப்பை அறுத்துவிட்டு, அறுத்த இடத்தைத் திரும்ப அடைக்காமல் போயிருப்பார்கள். கிரென்ஃபெல்லில் வெட்டும் ஒழுங்கில்லை, பொருத்தியதும் ஒழுங்கில்லை. ஜன்னல்களைச் சுற்றித் தடுப்பே இல்லை.

திறந்த ஓட்டையை மூடுவதும் ஆய்வின் பகுதி. எடுத்த இன்சுலேஷனுக்குப் பதில் ராக்வூல் வைத்து, தடுப்பைப் பழையபடி சேர்த்து, அதற்கும் ஒரு படம். சோதித்த இடமே அடுத்த சோதனையில் குறையாக வந்து நிற்கும் வேடிக்கை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

சுவர் மோசம் என்று தெரிந்த நாளுக்கும் வேலை முடியும் நாளுக்கும் இடையே வருடங்கள் ஓடுகின்றன. அதுவரை 'தீப்பிடித்தால் உங்கள் வீட்டிலேயே இருங்கள்' என்ற ஏற்பாடு செல்லாது. அந்த ஏற்பாடே ஒரு வீட்டுத் தீ அந்த வீட்டுக்குள் அடங்கும் என்ற நம்பிக்கையில் நிற்பது. வெளிச்சுவரே எரிந்தால் அதற்கு அர்த்தமில்லை. கிரென்ஃபெல்லில் அதை விலக்கிக்கொண்டது 2.47-க்கு. 1.30-க்கும் 1.50-க்கும் நடுவிலேயே விலக்கியிருக்க வேண்டும் என்றது விசாரணையின் முதல் அறிக்கை.

ஆகவே எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கும் திட்டத்துக்கு மாறுகிறார்கள். எழுப்பிவிட யாராவது வேண்டும். அதற்காக வந்ததுதான் 'வேக்கிங் வாட்ச்': இரவு பகலாக ஆட்கள் மாடி மாடியாக ரோந்து சுற்றுவது, தீயைக் கண்டால் ஹாரன் அடிப்பது, கதவைத் தட்டுவது. ஒரு சுற்றுக்கு அதிக நேரம் ஆனால் பயனில்லை, பூட்டிய வீட்டுக்குள் எரிவது ரோந்துக்காரர் கண்ணில் படாது, செலவோ மாதாமாதம். ஒவ்வொரு வீட்டிலும் வெளிச்சுவரை ஒட்டிய அறைகளில் வெப்ப உணரியும், தூங்குகிறவரை எழுப்பும் சத்தத்தில் அலாரமும் வைத்து எல்லாவற்றையும் ஒன்றாக இணைப்பது பல மடங்கு மேல். 2020 டிசம்பரில் அரசு இதற்கென்றே 3 கோடி பவுண்ட் ஒதுக்கியது. அது பல கட்டடங்கள் வருடக்கணக்கில் ரோந்துக்குப் பணம் கட்டிய பிறகு.

சுவரைப் பிரிக்கும் காலமும் ஆபத்தான காலம். 2025 நவம்பர் 26-ல் ஹாங்காங்கின் தாய் போவில் வாங் ஃபுக் கோர்ட் எரிந்தது பழுதுபார்ப்பு நடந்துகொண்டிருந்தபோதுதான். எட்டுக் கட்டடங்களில் ஏழு. சாரத்தைச் சுற்றிய வலையும் ஜன்னல்களை மூடிய நுரைப் பலகைகளும் தீயைச் சுமந்து போயின. 150 பேருக்கு மேல் இறந்தார்கள். சாரத்துக்கு எந்தத் துணி, அதற்கு என்ன சான்று என்று குடியிருப்பவர் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல.

பணம் யார் தருவது என்பது தனித் தலைவலி. லண்டனில் ஈஸ்ட் ஹாம், வெம்பிளி பக்கம் பிளாட் வாங்கிய நம் ஆட்களில் பலருக்கு இந்தக் கதை தெரிந்தது விற்கப் போனபோதுதான், வங்கி 'ஈடபிள்யூஎஸ்1' கேட்டபோது. வெளிச்சுவரின் தீ ஆபத்தைச் சொல்ல 2019 டிசம்பரில் வந்த படிவம் அது. கட்டடத்துக்கு ஒன்று, ஐந்து வருடம் செல்லும். ஏ என்றால் எரியும் சரக்கு குறிப்பிடும்படி இல்லை. பி1 என்றால் இருக்கிறது, வேலை தேவையில்லை. பி2 என்றால் வேலை செய்தாக வேண்டும். பி2 விழுந்த வீட்டுக்குக் கடன் கிடைப்பது கடினம்.

2022 ஜூன் 28 முதல் இங்கிலாந்தில் கட்டடப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பு இருக்கிறது. குறைந்தது 11 மீட்டர் உயரமோ ஐந்து மாடியோ உள்ள கட்டடத்தில், 2022 பிப்ரவரி 14 அன்று அந்த பிளாட் உங்கள் முதன்மை வீடாக இருந்திருந்தாலோ, உங்களுக்கு பிரிட்டனில் மொத்தம் மூன்று வீடுகளுக்கு மேல் இல்லாதிருந்தாலோ, கிளாடிங் செலவில் ஒரு பென்னிகூட உங்கள் தலையில் விழாது. மற்றக் குறைகளுக்குப் பெரும்பாலும் லண்டனில் 15,000, வெளியே 10,000 பவுண்ட் உச்சவரம்பு. வீட்டின் மதிப்பு பத்து லட்சம் பவுண்டைத் தாண்டினால் வரம்பும் ஏறும். அந்தத் தேதியில் யார் கையில் வீடு இருந்தது என்பதே கணக்கு. பிறகு வாங்குகிறவர், விற்பவரிடமிருந்து கையெழுத்திட்ட உறுதிப் பத்திரத்தை வாங்காமல் விட்டால் பின்னால் அலைய வேண்டிவரும். 11 மீட்டருக்கு மேல் 9,000 முதல் 12,000 கட்டடங்களைச் சரிசெய்ய வேண்டியிருக்கும் என்று 2024 நவம்பரில் தேசியத் தணிக்கை அலுவலகம் கணித்தது. பாதிக்கும் மேல் அப்போது அடையாளமே காணப்படவில்லை.

கோபுரம் இத்தனை வருடம் வெள்ளைத் துணி போர்த்தி, முட்டுக்கொடுத்து நின்றது. இறக்கியாக வேண்டும் என்று பொறியாளர்கள் சொல்ல, 2025 பிப்ரவரியில் அரசு முடிவெடுத்தது. உறவினர்கள் எல்லோருக்கும் அதில் உடன்பாடில்லை. செப்டம்பரில் வேலை தொடங்கியது. போர்வைக்குள்ளேயே, மேலிருந்து மாடி மாடியாக, ஏறக்குறைய இரண்டு வருட வேலை.

சுவர் குடியிருப்பவர் கையில் இல்லை. கதவு இருக்கிறது. கிரென்ஃபெல்லில் புகை படிக்கட்டுக்கு வந்தது வீட்டு வாசல் கதவுகள் வழியாக. பல கதவுகளில் தானாக மூடும் கருவி உடைந்திருந்தது அல்லது இல்லவே இல்லை. படிக்கட்டில் மாடி எண்கள் தெளிவாக இல்லை. இருந்தவையும் புதுப்பிப்பில் எண்கள் மாறிய பிறகு திருத்தப்படவில்லை. புகையில் ஏறுகிற தீயணைப்பு வீரருக்குத் தான் எந்த மாடியில் நிற்கிறோம் என்று தெரியாது. 2023 ஜனவரி 23 முதல் 18 மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களில் குறைந்த வெளிச்சத்திலும் தெரியும் மாடி எண் கட்டாயம். 11 மீட்டருக்கு மேல் பொதுக் கதவுகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் வீட்டு வாசல் கதவுகளை வருடத்துக்கு ஒருமுறையும் பார்க்க வேண்டும்.

ஆய்வுக்காரர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு பவுண்ட் நாணயம் 2.8 மில்லிமீட்டர் தடிமன். கதவின் மேலும் பக்கங்களிலும் அது தாராளமாக ஆடிக்கொண்டு நுழைந்தால் இடைவெளி அதிகம். சட்டத்திலோ கதவு விளிம்பிலோ ஓடும் உப்பும் பட்டையை யாரும் பெயிண்ட் அடித்து மூடியிருக்கக் கூடாது, பிய்ந்திருக்கக் கூடாது. கீல் மூன்று, திருகு ஒன்றும் குறையாமல். கடைசியாக, கதவை முழுசாகத் திறந்து கையை விடுங்கள், பிறகு பாதி, பிறகு ஒரு சாண். மூன்று முறையும் யாரும் தள்ளாமல் தானாகவே மூடி, தாழ் விழும் சத்தம் கேட்க வேண்டும்.